அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது?

தசரா நெருங்கினால் மைசூருவில் தெருவுக்கு நாலு வீட்டில் பெயின்ட் வாடை அடிக்கும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் அடித்தோம். வேலைக்கு வந்தவர், "டர்பன்டைன் ஊத்தி வெக்க ஏதாச்சும் குடுங்க சார்" என்றார். குப்பைக்குப் போகவிருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது நான்தான். சாயங்காலம் அவர் கிளம்பும்போது அதில் கால் பாட்டில் மிச்சம் இருந்தது. அது எப்படியோ சமையலறை மேடைக்கு வந்து, குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

கொலு பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் மாமியார், ராத்திரி பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அந்த பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி எங்கள் இரண்டு வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, அது தண்ணி இல்லீங்க!"

நான் கத்துவதற்கு முன்பே அவர் மூக்குக்கு வாடை எட்டிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். "தண்ணி மாதிரியேதான இருந்துச்சு மாப்ள" என்றார். கை நடுங்கியது.

பெரியவர் என்பதால் வாடை தடுத்தது. இரண்டு வயதுக் குழந்தையை அது தடுக்காது. பாட்டில் தரையில் இருந்திருந்தால் அவளே எடுத்துக் குடித்திருப்பாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. எந்த மருந்தும், எந்தத் திரவமும், எந்தப் பொடியும் கடையிலிருந்து வந்த டப்பாவைவிட்டு வேறு டப்பாவுக்குப் போகாது. இந்த நூலில் நான் சொல்லும் நூறு விஷயங்களில் தொண்ணூற்றொன்பதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நஞ்சு நம் வீட்டுக்குள் நுழையும்போது பெரும்பாலும் தன் பெயரோடுதான் நுழைகிறது. அந்தப் பெயரைக் கழற்றிவிடுவது நாம்தான்.

வேறு டப்பாவுக்குப் போன நஞ்சு

2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததைப் பரிசோதனை காட்டியது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. மைசூருப் பக்கத்து மக்களுக்கு அந்த மருந்தின் பெயர் புதிதல்ல. 2018 டிசம்பரில் சாமராஜநகர் மாவட்டம் சுளவாடி கோயில் பிரசாதத்தில் கலந்திருந்ததும் அதுவேதான். அங்கே 17 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூரு மருத்துவமனைகளில் கிடந்தார்கள். சுளவாடியில் நடந்தது வேண்டுமென்றே செய்த குற்றம். ஆனால் ஒரு வயல்மருந்து சோற்றுக்குள் போனால் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை இந்தப் பகுதி அப்போது கண்ணால் பார்த்தது.

நகரத்தில் குடியிருக்கும் நமக்கு வயல்மருந்து எங்கிருந்து வரும் என்று நினைக்க வேண்டாம். உன்சூரிலோ நஞ்சன்கூட்டிலோ தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர், 'ரோஜாச் செடிக்கு அடி' என்று கொஞ்சம் மருந்தை மாத்திரை டப்பாவிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுத்தனுப்புவார். அன்போடு கொடுப்பதுதான். வாங்காதீர்கள். காலியான பூச்சிமருந்து டப்பாவையும் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது அரிசி போட்டு வைக்கும் டப்பா ஆகாது. ஓட்டை போட்டு, நசுக்கி அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்று, தெருவில் சைக்கிளிலும் வண்டியிலும் வரும் பினாயில். பழைய தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் அடைத்து விற்பார்கள். வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி இருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் இப்படிச் சில்லறையாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து இருபது ரூபாய் மிச்சம்தான், ஆனால் பாட்டிலில் பெயரும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. ஒருவர் குடித்துவிட்டால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. கொஞ்சம் விலை அதிகமானாலும் லேபிள் ஒட்டிய, மூடி இறுக்கமான பாட்டிலாக வாங்குங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய சின்னக் கழிவறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர், கொசுவிரட்டி மெஷினில் செருகும் திரவம் ஆகியவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. வயிற்றுக்குள் போனதைவிட மூச்சுக்குழாயில் இறங்கியதுதான் அதிகக் கெடுதல் செய்யும். இலகுவாக வழுக்கிப் பரவும் திரவங்கள் என்பதால் ஒரு சின்ன இருமலிலேயே நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் இவற்றைக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள். ஒருமுறை உள்ளே இறங்கியது வாந்தியில் திரும்பவும் தொண்டை வழியாக வந்தால், நுரையீரலுக்குள் போக அதற்கு இன்னொரு வாய்ப்பு. குழந்தை இரும ஆரம்பித்தாலோ, மூச்சு வேகமானாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவும் இல்லாமல் சாதாரணமாக இருந்தாலும் காட்டிவிடுவதுதான் நல்லது. அங்கே சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் சதுரம்

மைசூருவில் தமிழ் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் பொருளில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும். ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வீட்டில் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர்களேதான்.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்துப் பாட்டிலிலும், பாக்கெட்டிலும் ஒரு சதுரம் சாய்வாக, முனை மேலே இருக்கும்படி அச்சிட்டிருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கொண்டுவந்த ஏற்பாடு அது. சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகமிகக் கொடிய நஞ்சு, மண்டையோடும் போட்டிருக்கும். மஞ்சளும் கொடியதுதான். நீலம் நடுத்தரம். பச்சை அதைவிடக் குறைவு. பச்சை என்றதும் வாகனங்களுக்குப் போகலாம் என்று காட்டும் விளக்கு நினைவுக்கு வரும். இங்கே அப்படி அர்த்தம் கிடையாது, கெடுதல் குறைவு என்பது மட்டுமே. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே வேண்டாம் என்பது என் கருத்து. இந்த நான்கு நிறங்களை உங்கள் அம்மாவுக்கு ஒருமுறை பாட்டிலைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

இந்தச் சதுரம் பூச்சிமருந்துகளுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வாயில் போகக் கூடாத எந்த பாட்டிலுக்கும் மூடிக்குக் கீழே சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. லேபிளுக்குப் பக்கத்தில் தடித்த மார்க்கரில் தமிழில் 'விஷம்'. கன்னடத்திலும் விஷ என்றுதான் சொல்வார்கள் என்பதால் வேலைக்கு வரும் அக்காவிடம் வாயால் சொன்னாலும் போதும். இவையெல்லாம் இருக்கும் இடம் குழந்தை கைக்கு எட்டாத, பூட்டுகிற மேல் அலமாரி. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி தவழும் குழந்தையின் உயரத்தில் இருக்கிறது, அது வேண்டாம்.

எலிக்கு வைத்த வடை

மழைக்காலத்தில் எலி வீட்டுக்குள் வரும். மசால் வடையைப் பிட்டு உள்ளே எலிப் பசையைத் தடவி அடுப்படி மூலையில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தேங்காய்ச் சில்லு, தக்காளி, பிஸ்கட் என்று வீட்டுக்கு வீடு மாறும். எலிக்குப் பிடித்ததெல்லாம் குழந்தைக்கும் பிடிக்கும். தரையில் கிடக்கும் வடை குழந்தையின் கண்ணுக்கு வடையாகத்தான் தெரியும்.

சில எலிப் பசைகளில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அதைத் தின்ற குழந்தை முதலில் ஒருமுறை வாந்தி எடுக்கும், பிறகு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஒரு நாள், இரண்டு நாள் விளையாடக்கூடச் செய்யும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும், கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். அப்போது ஓடிப்போனால் மருத்துவர்கள் செய்ய முடிவது குறைந்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையைத் தடைசெய்திருக்கிறது. ஆகவே எலி மருந்து வாய்க்குள் போனதாகச் சந்தேகம் இருந்தாலே, 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையும் இப்படித்தான் நடுவில் சில மணி நேரம் அமைதியாக இருந்து ஏமாற்றும்.

2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைக்கப்பட்டது. குடும்பம் ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. காலையில் எல்லோருக்கும் வாந்தி. இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எலி மருந்து வாயில் போட்டால் மட்டும்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். சில மருந்துகள் வாயுவாகவும் கொல்லும். தானிய மூட்டைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். அது கிடங்குக்கானது, பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியது. வருஷ அரிசி, கேழ்வரகு வாங்கி வைக்கும் வீடுகளில் அந்த மாத்திரை ஒருபோதும் வேண்டாம். நல்ல வெயிலில் காய வைத்து, இறுக மூடும் டின்னில் போட்டு, வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ இடையிடையே போட்டால் வீட்டுத் தேவைக்குப் போதும். எலிக்குக் கூண்டுப் பொறி வையுங்கள். கதவுக்கடி இடைவெளியையும் சாக்கடைக் குழாய் ஓட்டையையும் கம்பிவலை வைத்து அடையுங்கள். வெளியாள் வைத்து மருந்து அடித்தால், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பூஜை அறையும் மருந்து டப்பாவும்

கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. வெள்ளையாக, வில்லை வில்லையாக, வாசனையாக, கல்கண்டுக்குப் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். சாமி கும்பிட்டதும் அதே இடத்திலிருந்துதான் குழந்தைக்குக் கல்கண்டு எடுத்துத் தருகிறோம். கற்பூர வில்லையைத் தின்ற குழந்தைக்கு அரை மணி நேரத்துக்குள்ளேயே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம். கொஞ்சமாகத் தின்றாலும் அவசரம்தான். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வலிப்பு வந்தால் அந்த வாந்தியே மூச்சை அடைக்கும். சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கருகில் கற்பூரம் தடவுவதையும் விட்டுவிடுங்கள். கற்பூர டப்பாவுக்கு விளக்கு மாடத்தில் இடம் வேண்டாம், மேல் தட்டு போதும்.

ஊட்டிக்குப் போய்வந்தால் நீலகிரித் தைலம் வாங்காமல் வருவதில்லை. மேலே தேய்க்க நல்லது. ஆனால் ஒரு தேக்கரண்டி வாய்க்குள் போனால் சின்னக் குழந்தை மயங்கிவிடக்கூடும். அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியை நேராகப் பிறந்த குழந்தைக்குச் சுற்றாதீர்கள். பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை உள்ள சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை அதிகமாகும். அந்தக் குறை இருப்பது பல சமயம் அப்போதுதான் தெரியவரும். துவைத்து வெயிலில் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மாத்திரையில் பயப்பட வேண்டியது தாத்தா பாட்டியின் டப்பா. திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்ட அந்த டப்பாவை மூன்று வயதுக் குழந்தை திறந்துவிடும். சர்க்கரை வியாதிக்கான சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்க. சில மணி நேரம் தாமதமாகவும் இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை இனிப்புப் பூச்சோடு இருக்கும், மிட்டாயோடு வித்தியாசமே தெரியாது. இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீட்டில்தான் முதல் குழந்தை அந்த மாத்திரையைத் தின்னும் வயதில் இருக்கும். 'மிட்டாய் மாதிரி இருக்கும், சாப்பிடு' என்று சொல்லி மருந்து கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

காய்ச்சல் மருந்தில் ஒரு தவறு படித்த வீட்டிலும் நடக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்றால் ஒரு மில்லிக்கு 25தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும். வீட்டுக் கரண்டியால் அளக்காமல், அந்த மருந்தோடு வந்த அளவுக் குப்பியையோ சிரிஞ்சையோ மட்டுமே பயன்படுத்துங்கள்.

மாத்திரையைப் போலவே குழந்தை விழுங்கிவிடும் இன்னொன்று பொம்மைக்குள் இருக்கிறது. தசரா பொருட்காட்சியில் வாங்கும் மின்னும் பொம்மைகளைத் திருப்பிப் பாருங்கள். பொத்தான் போன்ற பேட்டரி வைக்கும் இடத்துக்கு ஸ்க்ரூ இல்லையென்றால் வாங்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டை போடும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும்.

வாசனையே இல்லாத நஞ்சு

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவில் வருவது. டப்பாவே இல்லாத ஒன்றும் மைசூரு வீடுகளுக்குள் இருக்கிறது.

பழைய மைசூரு வீடுகளில் 'பச்சலு மனெ' என்ற குளியலறையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செம்பு ஹண்டே (வெந்நீர் அண்டா), கீழே விறகு, மேலே ஓட்டுக்கூரையில் புகை போக ஒரு திறப்பு. சுவரெல்லாம் கரியாக இருக்கும், ஆனால் காற்று ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அதே குளியல் ஐந்துக்கு நாலடி அறையில், டைல்ஸ் ஒட்டி, குளிர் வராமல் வென்டிலேட்டருக்குக் கண்ணாடி அடைத்து, சுவரில் கேஸ் கீசர் மாட்டி நடக்கிறது. எரியும் கேஸ் அறையிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுகொண்டே போகும். ஆக்சிஜன் குறைந்ததும் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, கால் தளர்வு. தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கை ஒத்துழைக்காது. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில் குளிக்கப் போன இளம் சகோதரிகள் இருவர் இப்படி கேஸ் கீசரால் இறந்தார்கள்.

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும், கூச்சப்படாதீர்கள். மாற்றும்வரை வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டுக் குளிக்கலாம். வென்டிலேட்டரை அடைக்கவே கூடாது. ஒருவர் குளித்த உடனே அடுத்தவர் போக வேண்டாம், கதவைத் திறந்து சற்று நேரம் விடுங்கள். கரி அடுப்பு விஷயத்திலும் இதே ஆபத்துதான். பிரசவித்த பெண்ணும் குழந்தையும் படுத்திருக்கும் மூடிய அறையில் சாம்பிராணிக் கரியைக் கனலவிட்டுத் தூங்கக் கூடாது.

உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்து வெளிக் காற்றுக்குக் கொண்டுவாருங்கள். அவருக்குத் தேவை ஆக்சிஜன், அது 108 ஆம்புலன்ஸில் இருக்கும். சமையல் கேஸ் கசிந்தால் வாடை அடிக்கும். அப்போது எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

வேலியில் இருப்பது

அரளியும் பொன்னரளியும் இதயத் துடிப்பைக் குலைக்கும். மூடிய பிரசாதத் தட்டின் மேல் அரளிப் பூ வைக்கும் பழக்கம் வேண்டாம். கேரளத்தில் 2024-இல் ஓர் இளம்பெண் அரளியை மென்றதால் இறந்ததாகச் செய்தி வந்த பிறகு, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது. காட்டாமணக்கு விதை வேர்க்கடலை மாதிரி ருசிப்பதால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிடுகிறார்கள். ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு ஆகியவற்றையும் குழந்தைகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டி, பெயர் சொல்லித் தாருங்கள். காளானை மழைக்காலத்தில் தரையிலிருந்து பறித்துச் சமைக்காதீர்கள்.

நடந்துவிட்டால்

உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், முட்டை வெள்ளைக்கரு என்று பக்கத்து வீட்டில் எதையாவது கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். உப்புக் கரைசல் மட்டுமே குழந்தையைக் கொன்றுவிடலாம். ஆசிட் குடித்தவருக்கு எலுமிச்சையோ சோடாவோ வேண்டாம், வாயைக் கொப்பளிக்க வைத்தால் போதும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. பூச்சிமருந்து உடம்பில் கொட்டியிருந்தால் துணியைக் கழற்றி, கையில் உறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீரும் ஊற்றிக் கழுவுங்கள். மயங்கியவரை இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பொத்தான் பேட்டரி விழுங்கிய குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேனைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையிலும் நச்சுத் தகவல் மையம் உண்டு, அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். கே.ஆர். மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கு அதன் அருகிலுள்ள செலுவாம்பா மருத்துவமனைக்கும் உங்கள் வீட்டிலிருந்து எந்த வழி சீக்கிரம் என்பதை, தசரா ஊர்வல நாளில் சாலைகள் அடைத்திருக்கும்போது எப்படிப் போவது என்பதையும் சேர்த்து, முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

போகும்போது பாட்டிலை அப்படியே எடுத்துப் போங்கள். மீதி எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்துதான் எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கிடுவார்கள். செடி என்றால் ஒரு கிளை. மாத்திரை என்றால் காலி அட்டை. எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும். மேலே சொன்ன எண்களைத் தடித்த எழுத்தில், பாட்டியும் படிக்கிற மாதிரி தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதே தாளில் குழந்தையின் எடையையும் எழுதுங்கள். மாற்று மருந்தின் அளவை மருத்துவர் எடையைக் கேட்டுத்தான் முடிவுசெய்வார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை பார்த்துத் திருத்துங்கள், பென்சிலால் எழுதினால் அழிக்கச் சுலபம்.